சோழிக் கணக்கும் லாகரிதம் புத்தகமும்

கிரகணம் வரும்போதெல்லாம் நம் மணமேல்குடியில் இரண்டு கட்சி கிளம்பிவிடுகிறது. முதல் கட்சி வாட்ஸப்பில் குடியிருக்கிறது. "தொலைநோக்கி வருவதற்கு முன்பே தமிழன் கிரகணத்தை நொடி பிசகாமல் சொன்னான், பெருமைப்படு, பகிர்" என்று காலையில் ஒன்று, மாலையில் ஒன்று அனுப்பும். இரண்டாவது கட்சி படித்தவர்கள் கட்சி. "பஞ்சாங்கக்காரருக்கு என்ன தெரியும்? கிளிப்பிள்ளை மனப்பாடம். கணிதம் என்றால் நேப்பியர், பிரிக்ஸ், நியூட்டன்" என்று உதட்டைப் பிதுக்கும். போன வாரம் இப்படிச் சொன்னவர் என் மதிப்புக்குரிய நண்பர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். அவர் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இரண்டு கட்சியும் சொல்வது தவறு. ஏன் என்று சொல்கிறேன்.

நண்பர் பிரிக்ஸ் பெயரை இழுத்ததால் அங்கிருந்தே தொடங்கலாம். ஹென்றி பிரிக்ஸ் இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் 1561-இல் பிறந்தவர். லண்டன் கிரெஷாம் கல்லூரியின் முதல் வடிவியல் பேராசிரியர். ஸ்காட்லாந்தில் நேப்பியர் லாகரிதம் கண்டுபிடித்த செய்தி கேட்டு, 1615-இல் எடின்பரோவுக்கு நேரிலேயே போனார். பத்தை அடியாக வைத்தால் எல்லோருக்கும் வசதி என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். 1617-இல் ஒன்று முதல் ஆயிரம் வரையிலான எண்களுக்கும், 1624-இல் 1 முதல் 20,000 வரை, 90,000 முதல் ஒரு லட்சம் வரையிலான எண்களுக்கும் பதினான்கு தசம இடம் வரை அட்டவணை போட்டார். எல்லாம் கையால். இடையில் விட்டுப்போனதை விளாக் என்ற டச்சுக்காரர் 1628-இல் பத்து இடத்துக்கு நிரப்பினார். அந்தப் பெரிய அட்டவணைகளிலும் பிழைகள் இருந்தன. பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். அதனால் பிரிக்ஸின் பெருமை குறையவில்லை.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் கையில் 'புவார் - ரத்தினே' என்ற லாகரிதம் புத்தகம் இருந்தது. என் நண்பர் தமிழகத்தில் கிளார்க் டேபிள்ஸ் வைத்துக்கொண்டு படித்தார். இருவரும் பெருக்கலைக் கூட்டலாக்கினோம், விடை எடுத்தோம், மதிப்பெண் வாங்கினோம். பிரிக்ஸ் அந்த எண்களை எப்படிப் பிழிந்து எடுத்தார் என்று அன்றைக்கு எங்களில் யாருக்குத் தெரியும்? வர்க்கமூலத்தின் வர்க்கமூலத்தின் வர்க்கமூலம் என்று ஐம்பது தடவைக்கு மேல் இறங்கி எடுத்தார் என்பதை ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். தெரியாமல் அட்டவணையைப் பார்த்த எங்களுக்குக் "கணக்கு படித்தவர்கள்" என்று பெயர். அதே வேலையைப் புத்தகம்கூட இல்லாமல், அட்டவணை முழுவதையும் தலையில் வைத்துக்கொண்டு செய்தவருக்குக் கிளிப்பிள்ளை என்று பெயரா?

அப்படி ஒருவர் இருந்தார். ஊர் புதுச்சேரி. ஆண்டு 1825. அவரிடம் கணக்கு கேட்டவர் ஜான் வாரன். வாரன் பிரெஞ்சுத் தொடர்புள்ள குடும்பத்தவர், ஆங்கிலேயப் படையில் அதிகாரி. லாம்ப்டனின் நில அளவையில் வேலை பார்த்தவர். 1805 முதல் சில ஆண்டுகள் சென்னை வானாய்வுக் கூடத்தைப் பொறுப்பில் வைத்திருந்தார். கடைசிக் காலத்தில் புதுச்சேரியில் குடியேறி, 1830-இல் அங்கேயே இறந்தார். நம் நாட்டுக் காலக்கணக்கு முறைகளைப் பற்றி அவர் எழுதிய 'கால சங்கலித' 1825-இல் சென்னையில் அச்சானது. அதில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், தரையில் சோழிகளை வைத்து, அந்த ஆண்டு மே 31 - ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை விவரிக்கிறார். அவர் பெயரையும் தருகிறார். ஆங்கிலத்தில் ஒருமாதிரி எழுதியிருக்கிறார். 'சாமிநாதன் சேஷய்யா' என்று இருக்கவேண்டும் என்பது என் ஊகம். அப்படியே அழைக்கிறேன்.

சேஷய்யா செய்தது என்ன? சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சில நாள் வேகம், சில நாள் மந்தம். இந்த வேக மாறுதல் ஏறக்குறைய இருபத்தேழரை நாளுக்கு ஒருமுறை திரும்ப வரும். ஒன்பது சுற்று சேர்ந்தால் கிட்டத்தட்ட சரியாக 248 நாள். ஆகவே 248 நாளுக்கு 248 வாக்கியங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் அந்தந்த நாளில் சந்திரன் கடந்த தூரம் எழுத்துகளில் ஒளிந்திருக்கும். வடமொழி மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் என்பது விதி. 248 என்ற எண்ணுக்கே 'தேவர' என்று பெயர். த-வுக்கு 8, வ-வுக்கு 4, ர-வுக்கு 2. வலமிருந்து இடமாகப் படித்தால் 248. இப்படி எண்ணைச் சொல்லாக்கி, சொல்லை வாக்கியமாக்கி, வாக்கியத்தை நாக்கில் ஏற்றிவிட்டார்கள்.

ஆனால் 248 நாள் முழுச் சரியில்லை, சொற்பம் பிசகும். அந்தப் பிசகை அடக்க 3031 என்ற பெரிய சுற்றும், 12372 என்ற இன்னும் பெரிய சுற்றும் உண்டு. பன்னிரண்டு 248-உடன் 55 சேர்த்தால் 3031. நான்கு 3031-உடன் ஒரு 248 சேர்த்தால் 12372. கணக்குப் பிள்ளைகள் பேனா எடுத்துச் சரிபார்க்கலாம். கலியுகம் பிறந்த நாளிலிருந்து கேட்ட நாள் வரை எத்தனை நாள் என்று எண்ண வேண்டும். அதில் 16,00,984-ஐக் கழிக்க வேண்டும். மீதியை 12372, 3031, 248 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே வந்தால், கடைசியில் நிற்கும் மீதிதான் எந்த வாக்கியத்தைச் சொல்வது என்று காட்டும்.

நானும் போட்டுப் பார்த்தேன். 1825 மே 31-க்கு, நான் எண்ணிய வகையில், கலி நாள் 17,99,312. கழித்தால் 1,98,328. அதில் 12372 பதினாறு தடவை போகும், மீதி 376. அது 3031-க்குள் அடங்கிவிடும். ஒரு 248 போனால் மீதி 128. ஆக 128-ஆம் வாக்கியம். கலி பிறந்தது வெள்ளிக்கிழமை என்பார்கள். 17,99,312-ஐ ஏழால் வகுத்தால் மீதி 4. வெள்ளியிலிருந்து நான்கு தள்ளினால் செவ்வாய். 1825 மே 31 செவ்வாய்க்கிழமைதான். இந்தச் சின்னக் கணக்குக்கே எனக்கு இரண்டு தாளும் ஒரு காபியும் ஆயிற்று. இதன் மேல் சூரியன் கணக்கு, ராகு கணக்கு, நிழல் கணக்கு எல்லாம் ஏற்றி, தாளில்லாமல் சோழியை நகர்த்தியே முடித்தார் சேஷய்யா.

விடை எப்படி வந்தது? இங்கேதான் வாட்ஸப் கட்சி காதைக் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் 4 நிமிடம் பிசகு. நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். நொடி சுத்தம் எங்கே போயிற்று?

அவர்கள் சொல்லும் நொடிக்கணக்குக்கும் ஆதாரம் இல்லாமலில்லை. பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தில், வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கிளம்பியவர். 1761-இல் கடப்பு நடந்தபோது நடுக்கடலில் மாட்டிக்கொண்டார். ஊரோ ஆங்கிலேயர் கையில். எட்டு வருஷம் காத்திருந்தார். 1769 ஜூன் மாதம் அந்த நாள் வந்தபோது மேகம் மூடிவிட்டது. அவர் புதுச்சேரியில் தங்கியிருந்த காலத்தில் நம்மவர்களிடம் கிரகணக் கணக்கு கற்றுக்கொண்டார். பேனா, பென்சில் இல்லாமல் சோழிகளை வைத்தே வெகுவேகமாகக் கணக்குப் போடுகிறார்கள் என்று வியந்து எழுதியிருக்கிறார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தின் நீளம் தமிழர் கணக்கில் 41 நொடி குறைந்தது. அன்றைக்கு ஐரோப்பாவில் பேர்பெற்ற மையர் அட்டவணையில் 68 நொடி கூடியது.

ஒரு கட்சி 41 நொடியை மட்டும் எடுத்து ஊதுகிறது. மறு கட்சி 52 நிமிடத்தைக் காட்டிச் சிரிக்கிறது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கப் பதிவேட்டில் எழுதியவன். வரவை எழுதிச் செலவை மறைத்தால் அது மோசடி. செலவை எழுதி வரவை மறைத்தாலும் மோசடிதான். இரண்டையும் எழுதினால்தான் கணக்கு.

சேஷய்யாவுக்கு வானியல் கொள்கை எதுவும் தெரியாது, நல்ல ஞாபகசக்தி மட்டும் இருந்தது என்கிற பொருளில் வாரன் எழுதியிருக்கிறார். நண்பர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். இதைப் படிக்கும்போது எனக்கு என் மேலதிகாரி ஒருவரின் நினைவு வந்தது. "கிளார்க்குக்கு மூளை எதற்கு, ரெடி ரெக்கனர் இருக்கிறதே" என்பார். அவரே ஒரு ஊழியரின் ஓய்வூதிய நிலுவையைப் போடச் சொன்னால் அட்டவணையின் எந்த வரியைப் பார்ப்பது என்று திண்டாடுவார். எந்த வரி, எந்த விதி, எந்த இடத்தில் எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்று தெரிவது ஓர் அறிவு. தப்பு வந்தால் மோப்பம் பிடிப்பது அதைவிடப் பெரிய அறிவு.

இங்கிலாந்தும் இப்படித்தான் நடந்தது. மஸ்கலின் என்ற அரச வானியலாளர் 1767-ஆம் ஆண்டு முதல் மாலுமிகளுக்கான வானியல் பஞ்சாங்கம் வெளியிட்டார். அந்த எண்களைப் போட்டவர்கள் ஊர் ஊராக வீட்டில் உட்கார்ந்து கூலிக்குக் கணக்குப் பார்த்தவர்கள். இருவர் தனித்தனியாகப் போடுவார்கள், மூன்றாமவர் ஒப்பிடுவார். மேரி எட்வர்ட்ஸ் என்ற பெண்மணி, கணவர் இறந்த பிறகு இந்தக் கணக்கைப் போட்டுத்தான் பிள்ளைகளைக் காப்பாற்றினார். அவர்களிடம் இருந்தது அச்சடித்த அட்டவணையும் எழுதிக் கொடுத்த விதிகளும். அவர்களைக் கிளிப்பிள்ளை என்று இங்கிலாந்து சொல்லவில்லை. கணிப்பாளர்கள் என்று பெயரெழுதிச் சம்பளம் கொடுத்தது, இன்று அவர்கள் வாழ்க்கையைத் தேடித் தேடி எழுதுகிறது.

வாட்ஸப் கட்சிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்டோ நொய்கபவர் என்ற பெரிய கணித வரலாற்றறிஞர் 1952-இல் தமிழர் வானியல் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். சேஷய்யாவின் கணக்கை அதில் அலசினார். 248, 3031 என்ற அதே எண்கள் பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் கிரேக்கப் பாப்பிரஸ் தாள்களிலும் இருக்கின்றன. ஆகவே "எங்களிடம் மட்டும்தான்" என்று மார்தட்ட இடமில்லை. ஆனால் மற்ற இடங்களில் மண்ணில் புதைந்து போன அந்தக் கணக்கு, ஒரு மனிதர் வாயில் உயிரோடு இருந்தது புதுச்சேரித் தெருவில். இந்தப் பெருமை போதாதா?

பிசகு ஏன் வந்தது? திருத்துவதை நிறுத்திவிட்டோம், அதனால் வந்தது. கேரளத்தில் சங்கமகிராம மாதவர் பழைய சந்திர வாக்கியங்களை இன்னும் நுட்பமாகத் திருத்தி எழுதினார். பரமேசுவரர் ஐம்பது வருஷத்துக்கு மேல் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, கணக்கோடு ஒப்பிட்டு, 1431-இல் 'திருக்கணித'த்தைக் கொடுத்தார். முன்னோர் சொன்னதை அப்படியே வைத்துக்கொள் என்று அவர்கள் சொல்லவில்லை. என் காரைக்காலுக்குப் பக்கத்துத் திருநள்ளாற்றையே பாருங்கள். 2023-இல் திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி ஜனவரி 17. வாக்கியப்படி கோயிலில் நடந்தது டிசம்பர் 20. பதினொரு மாத வித்தியாசம். சம்பிரதாயத்தை மாற்று என்று நான் சொல்ல வரவில்லை, அது கோயிலின் விஷயம். ஆனால் லட்சக்கணக்கில் நளன் குளத்தில் முழுகுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தேதி எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று தெரியும்? பெருமை பேசுகிற கட்சி கணக்கைத் தொடுவதில்லை. இளக்காரம் பேசுகிற கட்சியும் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் கணக்கு செத்துக்கொண்டிருக்கிறது.

நம் ஊர்க்காரரான குலச்சிறை நாயனாரின் பெயர் இத்தனை நூற்றாண்டு தாண்டி நிற்பது, சம்பந்தரும் சுந்தரரும் அவர் பெயரைப் பாட்டில் வைத்ததால். சேஷய்யாவின் பெயரை வைத்தவர் ஒரு வாரன். நாம் என்ன வைத்தோம்? எத்தனை ஆயிரம் கணிப்பாளர்கள் பெயர் தெரியாமலே போயிருப்பார்கள்!

என் கோரிக்கை பெரிதில்லை. பரணில் பழைய பஞ்சாங்கமோ ஏட்டுக்கட்டோ இருந்தால் போகிக்குக் கொளுத்தாதீர்கள். தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். தாத்தா யாராவது வாக்கியம் சொல்லக் கேட்டிருந்தால், நினைவிருக்கிறவரை பேரப்பிள்ளைகளின் போனில் பதிவு செய்யுங்கள். கணக்கு ஆசிரியர்கள் மீதி வகுத்தல் நடத்தும்போது, எத்தனை மாம்பழத்தை எத்தனை பேருக்கு என்று கேட்பதோடு நிறுத்தாமல், 1,98,328-ஐ 12372-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். இது யார் போட்ட கணக்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். சாமிநாதன் சேஷய்யா என்று சொல்லுங்கள். 52 நிமிடப் பிசகையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நண்பருக்கு மறுப்பு இருந்தால், கையில் சோழியோடு வீட்டுக்கு வரட்டும். காபி நான் போடுகிறேன், கணக்கை அவர் போடட்டும்.