வயல் வேலைக்கு வரும் பெண்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு

நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு, கடலை பறிப்பு, பருத்தி எடுப்பு ஆகிய வேலைகளில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் பெண்களே. நாற்று உரிய வயதில் நடப்படுவதும், களை உரிய நாளில் எடுக்கப்படுவதும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. களையெடுப்பு ஒரு வாரம் தள்ளிப் போனால் இட்ட உரம் களைக்குப் போய்ச் சேரும் என்பதை விவசாயிகள் அறிவார்கள். ஆயினும் விதைக்கும் உரத்துக்கும் காட்டும் அக்கறை, இந்த உழைப்பாளிகளின் கூலியிலும் மானத்திலும் காட்டப்படுவதில்லை.

சிறு விவசாயியின் நிலை இதில் இரு வகைப்பட்டது. நடவு நாளில் அவர் ஏழெட்டுப் பெண்களுக்குக் கூலி கொடுப்பவர். தம் வயலில் வேலை இல்லாத நாளில் அவருடைய மனைவியும் மகளும் வேறொருவர் வயலுக்கோ, செங்கல் சூளைக்கோ, நூற்பாலைக்கோ கூலிக்குப் போகிறவர்கள். ஆகவே பெண்களுக்கான சட்டங்கள் அவருக்குக் கடமையையும் உரிமையையும் சேர்த்தே தருகின்றன. தம் வீட்டுப் பெண்ணுக்கு உரிமை கேட்பவர், தம் வயலுக்கு வரும் பெண்ணுக்குச் செய்ய வேண்டிய கடமையை மறக்கலாகாது.

கூலியில் வேற்றுமை

ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசியல் சட்டத்தின் 39-ஆவது பிரிவு காட்டும் நெறி. இதற்கென 1976-ஆம் ஆண்டில் சம ஊதியச் சட்டம் வந்தது. இப்போது அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருந்து வருகிறது. ஒரே வேலைக்கோ, அதை ஒத்த வேலைக்கோ ஆள் எடுப்பதிலும் கூலி கொடுப்பதிலும் ஆண், பெண் என்று வேற்றுமை காட்டக் கூடாது என்று அது கூறுகிறது. கூலியைச் சமன் செய்கிறோம் என்று ஆண்களின் கூலியைக் குறைப்பதற்கும் இடமில்லை.

"ஆண் செய்வது கனமான வேலை, பெண் செய்வது லேசான வேலை" என்று பல ஊர்களில் சமாதானம் சொல்லப்படுகிறது. காலையிலிருந்து சேற்றில் குனிந்தபடியே பின்னோக்கி நகர்ந்து நடுவது லேசான வேலையன்று. குத்துக்கு இரண்டு, மூன்று நாற்று என்று விரலால் பிரித்து, ஆழமில்லாமல் மேலாக ஊன்றுவது பல ஆண்டுப் பழக்கத்தால் வந்த திறமை. தூர் கட்டுவதும் மகசூலும் அதைப் பொறுத்தே அமைகின்றன. போகட்டும், கதிர் அறுப்பிலும் கடலை பறிப்பிலும் இருபாலரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்யும்போது கூலி மட்டும் ஏன் வேறாக இருக்க வேண்டும்?

"விளைபொருளுக்குக் கட்டுபடியான விலை இல்லை, கூலியை எங்கே கூட்டுவது?" என்பது அடுத்த கேள்வி. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் விலைக் குறைவுக்குக் காரணம் களையெடுக்கும் பெண் அல்லள். விலை தொடர்பான குறையை விலை நிர்ணயிப்பவர்களிடம் கேட்க வேண்டுமே தவிர, அவளுடைய கூலியில் பிடித்து ஈடு செய்வது நியாயமாகாது. பண வசதி இல்லை என்பது சம ஊதியம் மறுக்கக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றமும் 1987-இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-இல் வந்த பின், அத்திட்ட வேலைகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி விகிதமே நிர்ணயிக்கப்பட்டது. ஏரி வேலைக்குப் பொருந்திய நியாயம் வயல் வேலைக்கும் பொருந்தும்.

வயலும் பணியிடமே

பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் நகரத்து அலுவலகங்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் கிராமங்களில் பரவலாக உள்ளது. இது தவறு. அச்சட்டத்தின் வேரே கிராமத்தில்தான் இருக்கிறது. ராஜஸ்தானில் அரசின் பெண்கள் முன்னேற்றத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகத் தாம் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டதாக 1992-இல் புகார் செய்தார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 1995-இல் கீழ்நீதிமன்றத்தில் விடுதலையாயினர். இந்நிகழ்ச்சியையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில், 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. அவற்றின் வழியே பிறந்த சட்டம் 2013 டிசம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது.

நாட்கூலிக்கு வருபவரும், கொத்துக்காரரோ மேஸ்திரியோ கூட்டி வரும் ஆளும் இச்சட்டப்படி பணியாளரே. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தனியார் உற்பத்தி இடங்களும், வேலை கொடுப்பவர் ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடத்தில் அடங்கும். ஆகவே வயல், களத்து மேடு, பம்புசெட் கொட்டகை, ஆள் ஏற்றி வரும் சரக்கு வண்டி ஆகிய எங்கும் பெண்ணுக்குப் பாதுகாப்பு உண்டு. விருப்பமின்றித் தொடுதல், இச்சைக்கு இணங்கக் கேட்டல், ஆபாசப் பேச்சு, செல்பேசியில் ஆபாசப் படம் காட்டுதல், சைகை செய்தல் ஆகியவை அனைத்தும் குற்றம். "இணங்காவிட்டால் நாளை வேலை கிடையாது" என்று மிரட்டுவதும் இதில் சேரும்.

புகார் செய்யும் முறை

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளிலும் நிறுவனங்களிலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த இடங்களுக்கும், வேலை கொடுப்பவர் மீதே புகார் உள்ள இடங்களுக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. மாவட்டத் தலைநகருக்குப் போக இயலாதவர்களுக்காக வட்டார, வட்ட அளவில் ஒரு தொடர்பு அலுவலரை நியமிக்க வேண்டும். அவர் பெற்ற புகாரை ஏழு நாட்களுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும்.

நிகழ்ச்சி நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு அனுமதிக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதுவதற்கு உதவி செய்வது குழுவின் கடமை. விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். புகார் செய்த பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது. அவள் கேட்டாலன்றிச் சமரசம் பேசக் கூடாது, பணம் கொடுத்துச் சமரசம் முடிக்கவும் கூடாது. ஊர்ப் பெரியவர்கள் இதைக் குறிப்பாக மனத்தில் கொள்ள வேண்டும். புகாரை மெய்ப்பிக்க முடியாமல் போனால் மட்டும் அது பொய்ப் புகார் ஆகிவிடாது. காவல் நிலையத்தில் தனியே புகார் செய்யவும் உரிமை உண்டு. 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

ஆனால் ஏட்டில் உள்ள அலுவலரை வயலில் நிற்கும் பெண் அறிய வேண்டாமா? குழுக்களையும் தொடர்பு அலுவலர்களையும் குறித்த நாளுக்குள் நியமிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 3 அன்று உத்தரவிட நேர்ந்ததே குறையைக் காட்டும். பூச்சிமருந்தின் அளவைச் சுவரில் எழுதி வைக்கும் நாம், இந்த அலுவலரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை, கூட்டுறவுச் சங்கம், வேளாண்மை விரிவாக்க மையம் ஆகிய இடங்களில் எழுதி வைக்கலாகாதா? ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏறிப் போய் விசாரிக்கும் நிலையில் சட்டம் இருந்தால், அது வாய்க்காலில் ஓடியும் மடை திறக்காத தண்ணீரைப் போன்றதே.

விவசாயிகள் செய்யக் கூடியவை

1. வேலை தொடங்கும் முன்பே கூலியைப் பேசி, அதைப் பெண்களின் கையிலேயே நேராகக் கொடுக்க வேண்டும். கொத்துக்காரரிடம் மொத்தமாகக் கொடுப்பதால் அவர் பிடி இறுகுகிறது.

2. கூலி வாங்க ஒரு பெண்ணை மட்டும் தனியே கொட்டகைக்கோ வீட்டுக்கோ வரச் சொல்லக் கூடாது. களத்தில் எல்லார் முன்னிலையிலும் கொடுக்க வேண்டும்.

3. குடிநீரும், ஒதுங்குவதற்கு மறைவான இடமும் ஏற்பாடு செய்ய வேண்டும். நான்கு கம்பும் ஒரு தென்னங்கீற்றுத் தட்டியும் போதும்.

4. தம் ஆட்களில் எவரேனும் தகாத முறையில் நடந்தால், உறவினர், வேண்டியவர் என்று பாராமல் அன்றே விலக்க வேண்டும்.

5. புகார் சொன்ன பெண்ணை வேலைக்குக் கூப்பிடாமல் விடுவது இரண்டாவது கொடுமை. இதற்குத் துணை போகலாகாது.

இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. ஆள் கிடைக்கவில்லை என்ற குறை எங்கும் கேட்கிறது. சரியான கூலியும் மரியாதையும் கிடைக்கும் வயலுக்குத்தான் பெண்கள் முதலில் வருவார்கள் என்பது நடவுக் காலத்தில் எந்த ஊரிலும் கண்கூடு. ஆனால் ஆள் கிடைப்பதற்காக மட்டும் இதைச் செய்ய வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெண் வேறொருவர் வயலில் எப்படி நடத்தப்பட வேண்டும் என்று விரும்புகிறோமோ, அப்படியே நம் வயலுக்கு வரும் பெண்ணையும் நடத்துவதே முறை.