அரை வேக்காட்டுச் சிப்பாய்கள்

"உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கும்போதே புற்று நோய் எப்படி வளர்கிறது?" என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான்.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை ஓர் ஓயாத அடுப்படி. வெள்ளை அணுக்கள் அங்கே பிறந்து, பக்குவமடைந்து, காவலுக்குப் புறப்படுகின்றன. நோய்க் கிருமி தாக்கினால், "சீக்கிரம் அனுப்பு!" என்று மஜ்ஜைக்கு அவசரச் செய்தி வரும், கிருமி ஒழிந்ததும் அது அடங்கிவிடும். புற்றுக் கட்டியோ அதே மாதிரிச் செய்தியை ரத்தத்தின் வழியே ஓயாமல் அனுப்புகிறது. அவசரத்தில் இறக்கிய சோறு அரை வேக்காடுதானே? முதிராத மைலாய்டு அணுக்கள் கூட்டங் கூட்டமாக வெளியேறி, கட்டியிலேயே குடியேறுகின்றன.

அங்கே அவை சும்மா இருப்பதில்லை. கட்டியைத் தாக்க வரும் 'டி' அணுக்களுக்கு ஆர்ஜினின் என்ற சத்து அவசியம். அரை வேக்காட்டு அணுக்கள் அந்தச் சத்தைச் சிதைத்துத் தீர்த்துவிடுகின்றன. 'டி' அணுக்கள் சோர்ந்து விழுகின்றன. காவலுக்கு வந்தவர்களே திருடனுக்குக் காவல்!

2007-ல் விஞ்ஞானிகள் இவற்றுக்குத் தனிப் பெயரே சூட்டினார்கள். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதிய மருந்துகள் சிலருக்குப் பலிக்காமல் போவதற்கு இவையும் ஒரு காரணம். இவற்றை முதிர வைக்க வழி தேடி ஆராய்ச்சி நடக்கிறது.

ஆகவே சகோதரிகளே, எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, பக்குவத்திலும் இருக்கிறது. "எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்" என்று யாரோ விற்கும் லேகியத்தை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். கட்டி வளர வளர இந்த அணுக்களும் பெருகுகின்றன. மார்பில் சிறு கட்டி தட்டுப்பட்டாலும், கூச்சத்தை ஒதுக்கிவிட்டு, உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.