மூன்று நாள் அவகாசம்

மனிதன் தன் நன்மை இன்னதென்று அறிவான். அறிந்தவாறே நடப்பான் என்பது பழைய பொருளியல் நூல்களின் அடிப்படை. விலையையும் பயனையும் சீர்தூக்கி, கூடுதல் பயன் தருவதையே ஒவ்வொருவரும் தேர்ந்தெடுப்பர் என்று அந்நூல்கள் கணக்கிட்டன. சந்தையில் அரைமணி நேரம் நின்று பார்த்தவர் எவரும் இதனை ஒப்பார். எனினும் சோதனைகளின் வாயிலாக இக்கருத்தை அசைத்துக் காட்டியவர்கள் டேனியல் கானமன், ஆமோஸ் டிவர்ஸ்கி என்னும் இரு உளவியல் அறிஞர்கள். நூறு ரூபாய் கிடைப்பதால் உண்டாகும் மகிழ்வைவிட நூறு ரூபாயை இழப்பதால் உண்டாகும் வருத்தம் பெரிது என்பதனை 1979-இல் வெளிவந்த அவர்களின் ஆய்வுக் கட்டுரை எடுத்துரைத்தது. டிவர்ஸ்கி 1996-இல் மறைந்தார். கானமன் 2002-இலும், அவ்வழியில் ஆய்ந்த ரிச்சர்டு தேலர் 2017-இலும் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். நடத்தைப் பொருளியல் என்று இத்துறைக்குப் பெயர் வழங்குகிறது.

இவர்கள் கண்டது என்ன? மனிதன் அவசரக்காரன். இன்று கையில் விழும் ஒன்றை, நாளை கிடைக்கக்கூடிய இரண்டைவிட மேலாக மதிப்பவன். முதலில் காதில் விழுந்த விலையையே சுற்றி வருவது அவன் மனம். எவரோ முன்னரே வகுத்து வைத்த ஏற்பாட்டை மாற்றச் சோம்புவதும் அவன் இயல்பு. மனிதனின் அவசர இயல்பைத் திருமறை சுட்டுவதை நாம் ஓதியே வருகிறோம். ஆனால் அந்த இயல்பு கொடுக்கல் வாங்கலில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதைச் சிந்திப்பவர் சிலரே.

மதரஸாவில் ஃபிக்ஹு நூல்களின் வணிகப் பகுதியை ஓதியவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி நினைவிருக்கும். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்தில் தலையில் அடிபட்டு அறிவுத் திறன் சற்றே குன்றிய ஒருவர் மதீனாவில் இருந்தார். ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்றும், அவருடைய தந்தையார் என்றும் இரு விதமாக அறிவிக்கப்படுகிறது. வணிகத்தில் அவரை எளிதில் ஏமாற்றி வந்தனர். அவருடைய குடும்பத்தார் அண்ணலாரிடம் வந்து, இவரைக் கொடுக்கல் வாங்கலிலிருந்து தடுத்துவிட வேண்டினர். அண்ணலாரும் அவரை அழைத்து விலகியிருக்கச் சொன்னார்கள். அவரோ, வணிகம் செய்யாமல் என்னால் இருக்க இயலாது என்றார். அதன்பின் அவர் மீது தடை விதிக்கப்படவில்லை. பேரம் முடியும்போது, ஏமாற்று இருத்தல் ஆகாது என்னும் பொருளுடைய இரண்டே சொற்களைக் கூறுமாறு கற்பிக்கப்பட்டது. வாங்கிய பொருளை மூன்று இரவுகள் வைத்துப் பார்த்து, விரும்பினால் கொள்ளவும் இல்லையேல் திருப்பித் தரவும் அவருக்கு உரிமை அளிக்கப்பட்டதாகச் சில அறிவிப்புகள் கூறுகின்றன.

இதில் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த மனிதரின் சுதந்திரம் பறிக்கப்படவில்லை. அவரை அவர் போக்கில் கைவிடவும் இல்லை. சொல்லிக்கொள்ள ஒரு வாசகமும், சிந்திக்கச் சிறிது காலமும் தரப்பட்டன. தேலரும் அவருடைய தோழர் சன்ஸ்டீனும் 2008-இல் எழுதிய நூலில் வலியுறுத்தும் வழியும் இதற்கு மிக அணித்தானது. தேர்வு மனிதனிடமே இருக்கட்டும். தேர்ந்தெடுக்கும் சூழலைத் திருத்தி அமையுங்கள் என்பதே அவர்கள் கூற்று.

எல்லாம் நம் கிதாபுகளில் முன்னரே உண்டு என்று மார்தட்டுவதற்காக இதனை நான் எழுதவில்லை. நம் இமாம்கள் நிகழ்ச்சிகளை அறிந்திருந்தனர். அவற்றின் அளவை எண்ணிக் காட்டியது இக்கால ஆய்வாளர்களின் உழைப்பு. ஆயினும் அந்த இமாம்களின் கூர்த்த பார்வை வியக்கத்தக்கது. பால் கறவாமல் ஆட்டின் மடியைப் பெருக்க வைத்து விற்பது அன்றைய வணிகரின் தந்திரம். வாங்குபவன் கண் மடியின் பெருக்கத்திலேயே நின்றுவிடும். ஷாஃபிஈ மத்ஹபின்படி, ஏமாந்தவன் ஆட்டைத் திருப்பித் தரலாம்; கறந்து அருந்திய பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீத்தம் பழம் கொடுத்தல் வேண்டும். ஹனஃபி இமாம்கள் இதில் வேறு கருத்துடையர். விற்பவரும் வாங்குபவரும் இடம்விட்டுப் பிரியும் வரை பேரத்தை முறித்துக்கொள்ளலாம் என்பதிலும் இவ்விரு மத்ஹபுகளும் உடன்படவில்லை. ஆனால் மூன்று நாள் அவகாசத்தை நிபந்தனையாகப் பேசிக்கொள்வது இருவருக்கும் ஆகுமானதே. வாங்கும் எண்ணமே இல்லாமல் ஏலத்தில் விலையை ஏற்றிக் கேட்பதனை நஜ்ஷ் என்று பெயரிட்டு மார்க்கம் தடுத்திருப்பதும் இவ்வினத்தைச் சார்ந்ததே. பொய்யாகக் கூறப்பட்ட அந்த முதல் விலை பிறர் மனத்தில் நங்கூரமாகப் பதிந்துவிடுகிறது அல்லவா?

இன்றைய சட்டங்களும் மெல்ல மெல்ல இப்பாதைக்கு வந்துகொண்டிருக்கின்றன. வீடு தேடி வந்து விற்கும் வணிகத்தில் வாங்கியவர் மூன்று வேலை நாட்களுக்குள் பேரத்தை ரத்துச் செய்யலாம் என்னும் விதி அமெரிக்காவில் 1974-இல் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தைப் படித்துப் பார்த்துத் திருப்பித் தரும் காலம் 2024-இல் 30 நாட்களாக்கப்பட்டது. காப்பீடு மார்க்கத்தில் ஆகுமா என்பது வேறு வினா. அதனை இங்குப் பேசவில்லை. கைப்பேசி வழியே கடன் பெற்றவர், குறிப்பிட்ட காலத்துக்குள் முதலையும் அந்நாட்களுக்குரிய கட்டணத்தையும் செலுத்தி அபராதமின்றி விலக வழி வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் பணித்தது. இணைய வணிகத்தில் வாடிக்கையாளரை மயக்கும் 13 வகைத் தந்திரங்களை இந்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடுத்தது. இன்னும் இரண்டே எஞ்சியுள்ளன என்று பொய்யாக அவசரப்படுத்துதல், கேளாத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுதல் ஆகியவை அவற்றுட் சில. பெருக்க வைத்த மடிதான் இன்று திரையில் மின்னுகிறது!

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. இத்துறையின் அறிவை நன்மைக்கு முன்பே தீமைக்குப் பயன்படுத்திக்கொண்டவர்கள் வணிகர்களே. மேலும், இதன் பயனைச் சிலர் மிகைப்படுத்தியும் விட்டனர். ஆய்விதழ்களில் வெளியான சோதனைகளில் சராசரியாக 8.7 விழுக்காட்டுப் புள்ளிகள் முன்னேற்றம் காணப்பட, அரசுப் பிரிவுகள் நடத்திய சோதனைகளில் அது 1.4 மட்டுமே என்று 2022-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. ஆகவே இதனை மந்திரக்கோல் என்று எண்ணுவது பேதைமை.

ஆனால் சில ஏற்பாடுகளின் பயன் பெரிது. பிலிப்பைன்சின் மிண்டனாவோ தீவில் ஒரு சிறு வங்கி தன் வாடிக்கையாளர்களிடம் புதுவிதமான கணக்கொன்றை முன்வைத்தது. தாம் குறிக்கும் நாள் வரும்வரை, அல்லது தாம் குறிக்கும் தொகை சேரும்வரை அதிலிருந்து பணம் எடுக்க இயலாது. இதற்கெனக் கூடுதல் வருவாயும் இல்லை. வீட்டில் வைத்துக்கொள்ள உண்டியல் பெட்டி ஒன்றும் விற்கப்பட்டது. சாவி வங்கியில் இருக்கும். தம் கையைத் தாமே கட்டிக்கொள்ள எவர் முன்வருவர் என்று நாம் கேட்போம். 28 விழுக்காட்டினர் முன்வந்தனர். ஓராண்டின் முடிவில், இத்திட்டம் முன்வைக்கப்பட்டோரின் சேமிப்பு வளர்ச்சி, முன்வைக்கப்படாதோரைவிட 81 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. 2006-இல் வெளிவந்த ஆய்வின் முடிவு இது. தேலரும் பெனார்ட்சியும் அமெரிக்கத் தொழிலாளரிடையே வேறொன்று செய்தனர். வருங்கால ஊதிய உயர்வில் ஒரு பகுதியைச் சேமிப்புக்கு ஒதுக்க இன்றே இசைவு பெற்றனர். கையில் வாங்கிய பணம் குறையாததால் எவருக்கும் இழப்பாகத் தோன்றவில்லை. 3.5 விழுக்காடாக இருந்த சேமிப்பு 40 மாதங்களில் 13.6 ஆயிற்று.

நம் மஹல்லாக்களின் நிலை என்ன? வீண்விரயம் கூடாது என்று மிம்பரில் நின்று ஆலிம்கள் பேசாத ஆண்டில்லை. கேட்டுக் கண் கலங்குபவர்களே மறுவாரம் கடன் வாங்கி மண்டபத்துக்கு முன்பணம் கட்டுகின்றனர். அவர்களுக்கு அறிவு குறைவு என்று நான் கருதவில்லை. அறிவுரை வெள்ளிக்கிழமை பகலில் கிடைக்கிறது. முடிவோ கடைக்காரரின் முன்னிலையில், உறவினர் சூழ, ஒரு நொடியில் எடுக்கப்படுகிறது. அந்த நொடியில் துணை நிற்பது எது என்பதை ஜமாஅத்துகள் எண்ணிப் பார்த்ததில்லை.

பெரியவர்களைக் குழந்தைகளாக்குவதா என்று சிலர் வினவலாம். தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் கட்டு அடிமைத்தனமாகாது. நேர்ச்சை செய்பவனை யாரும் அவ்வாறு இகழ்வதில்லை. ஜகாத்துக்கு நிய்யத் இன்றியமையாதது. ஆதலால் உரியவர் அறியாமல் பிடித்தம் செய்வது செல்லாது. சேமிப்புக்கு நிய்யத் நிபந்தனை அன்று. உரியவரின் இசைவு போதும்.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இரண்டு. நிகாஹ் தேதி பதிவுக்கு வரும்போதே செலவுப் பட்டியல் ஒன்றை எழுதி வாங்குங்கள். அதற்குப் பின் மூன்று நாட்கள் கழித்தே எவருக்கும் முன்பணம் தருவதில்லை என்று இரு வீட்டாரும் ஒப்பட்டும். பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும், ஹஜ்ஜு நாட்டமுள்ள முதியவர்களுக்கும் பைத்துல்மால் வழியாகப் பூட்டிய பெட்டி கொடுங்கள். பெட்டி அவரவர் வீட்டில் இருக்கட்டும். சாவி பள்ளிவாசல் அலுவலகத்தில் இருக்கட்டும். திறக்கும் நாளைப் பணத்துக்கு உரியவரே முதல் நாளன்று எழுதி, இரண்டு சாட்சிகளுடன் கையொப்பமிடட்டும்.