பால் கட்டினால் பிசையாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே படியுங்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் கட்டுவதைப் பற்றி எழுதப்போகிறேன். ஆண் பிள்ளைகள் "இது நமக்கில்லை" என்று தள்ளிவிட்டுப் போகவேண்டாம். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் நடத்தியபோது பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடியவர்கள்தானே நீங்கள்? இப்போது உங்களில் பாதிப்பேர் அப்பாக்கள். தலையை நிமிர்த்திப் படியுங்கள்.

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிற எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "பால் இருக்கா?" இல்லை என்றால் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். இருக்கிறது என்றால் சந்தோஷம். "ரொம்ப இருக்கு, தாங்க முடியல, வலிக்குது" என்று ஒருத்தி சொல்லிவிட்டால் மட்டும் யாருக்கும் காது கேட்காது. "கொடுத்து வெச்சவ" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். அதிகப் பால் என்பது பெருமை, அது எப்படி வலியாகும் என்பது நம் எண்ணம்.

நம் சொந்தத்தில் ஒரு பெண். யார் என்று தேடவேண்டாம், அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். முதல் பிரசவம், சிசேரியன். மூன்றாம் நாள் மார்பு இரண்டும் கல்லாகிவிட்டது. கையைத் தூக்க முடியவில்லை, அக்குள் வரை வீக்கம். வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? குழந்தையைக் குளிப்பாட்ட வந்த அம்மா எண்ணெய் போட்டு, "கட்டியை உடைச்சாத்தான் பால் இறங்கும்" என்று அழுத்திப் பிசைந்தார். பிறகு கொதிக்கக் கொதிக்கத் துணி ஒத்தடம். கணவர் ஆசையாக மின்சார பம்ப் வாங்கி வந்தார். இரண்டு மணிக்கு ஒருமுறை, கடைசிச் சொட்டு வரை எடுத்தாள். இத்தனைக்கும் நடுவில் காலையில் பூண்டுப் பால், மதியம் பால்சுறா புட்டு, ராத்திரி முருங்கைக்கீரை! பால் வழிந்து படுக்கை நனைகிறவளுக்குப் பால் ஊற மருந்து!

பன்னிரண்டாம் நாள் குளிரும் ஜுரமும். ஒரு மாதம் ஆவதற்குள் சீழ்க்கட்டி, கத்தி வைத்து எடுத்தார்கள். நாற்பதாம் நாள் பால் கொடுப்பதையே நிறுத்திவிட்டாள். வீட்டில் சொன்ன காரணம்: "கண்ணு பட்டுடுச்சு."

கண்ணும் படவில்லை, மண்ணும் படவில்லை. கைதான் பட்டது.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நச்சுக்கொடி வெளியே வந்ததும் தாயின் உடம்பில் புரோஜெஸ்டிரோன் சட்டென்று இறங்குகிறது. அதுவரை அடங்கியிருந்த பால் சுரப்பு இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பெருகுகிறது. அப்போது மார்பில் நிறைவது பால் மட்டும் இல்லை. ரத்த ஓட்டமும் கூடுகிறது, சதைக்குள் நீர் கோக்கிறது. பிரசவத்தின்போது பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏற்றியிருந்தால் அந்த நீரும் சேர்ந்துகொள்ளும். நம் மாநிலத்தில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 45 பிரசவம் அறுவை சிகிச்சை. ஆகவே இது ஏதோ ஒரு வீட்டுக் கதை இல்லை. நீர் கோத்து வீங்கிய சதையைப் பிசைந்தால் வீக்கம் இறங்குமா? கால் சுளுக்கி வீங்கினால் அதை யாராவது மாவு பிசைகிற மாதிரி பிசைவார்களா? பிசைந்தால் உள்ளே இருக்கிற மெல்லிய குழாய்கள் நசுங்கும், வீக்கம் கூடும், புண்ணாகும்.

பம்ப் கதையும் அப்படித்தான். இறைக்கிற கிணறு ஊறும் என்ற பழமொழி நம்முடையது. எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு வேண்டும் என்று உடம்பு கணக்கு வைத்துக்கொள்கிறது. காலி செய்தால் இரட்டைக் குழந்தைக்கு ஊற வைக்கும். பிறகு அதையும் காலி செய்யவேண்டும். தாய்ப்பால் மருத்துவ அகாடமி என்ற சர்வதேச மருத்துவர் அமைப்பு 2022இல் தன் வழிகாட்டுதலைத் திருத்தி எழுதியபோது, அழுத்திப் பிசையாதீர்கள், காலியாகும்வரை எடுக்காதீர்கள், குளிர்ச்சி கொடுங்கள் என்றுதான் சொன்னது. பழைய புத்தகம் படித்த சில நர்ஸம்மாக்கள் இன்னும் "நல்லா அமுக்கி எடும்மா" என்கிறார்கள். அவர்களிடம் பணிவாக மறுத்துப் பேசலாம், தப்பில்லை.

குளிர்ச்சி என்றதும் பெரியவர்கள் பாய்வார்கள். "பச்சை உடம்புல ஐஸா? ஜன்னி கண்டுடும்!" அந்தக் காலத்தில் பிள்ளை பெற்றவளைக் கொண்டுபோன ஜன்னி பெரும்பாலும் சுத்தமில்லாத கையாலும் கருவியாலும் கருப்பையில் வந்த தொற்று. மார்பின்மேல் பத்து நிமிடம் வைக்கிற ஈரத்துணியால் வந்தது இல்லை. சூடுதான் வேண்டும் என்றால், பால் கொடுப்பதற்குச் சற்று முன்னால் வெதுவெதுப்பான துணி இரண்டு நிமிடம் போதும். மற்ற நேரமெல்லாம் குளிர்ச்சி.

காம்பைச் சுற்றிக் கல்லாக இருந்தால் குழந்தையால் வாயில் பிடிக்க முடியாது. அப்போது விரல் நுனிகளைக் காம்பைச் சுற்றி வைத்து, நெஞ்சுப் பக்கமாக ஒரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்தால் நீர் பின்வாங்கி இடம் இளகும். இல்லையென்றால் கையால் கொஞ்சம் பால் எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். வலி தணிகிற அளவு மட்டும். இறுக்கிக் கட்டக்கூடாது, தொளதொளவென்றும் விடக்கூடாது, தாங்குகிற மாதிரி உள்ளாடை வேண்டும். வலிக்கு டாக்டரைக் கேட்டுப் பாரசிட்டமாலோ ஐபுபுரோஃபெனோ போட்டுக்கொள்ளலாம். பால் கொடுக்கிறவளுக்கு அவை ஆகாதவை இல்லை. ஜுரம், சிவந்த திட்டு, உடம்பு வலி என்று வந்து ஒரு நாளில் இறங்கவில்லையானால் ஆஸ்பத்திரிக்கு. அப்போதும் அந்தப் பக்கம் பால் கொடுக்கலாம். பால் கெட்டுப்போவதில்லை.

மல்லிகைப்பூ கட்டுகிற வழக்கத்தைப் பற்றியும் கேட்பீர்கள். அது பொய் வைத்தியம் இல்லை. வேலூர் மருத்துவர்கள் அதை மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து 1988இல் கட்டுரையாகவே எழுதினார்கள். ஆனால் அது பாலை வற்ற வைப்பதற்கு. குழந்தையைப் பறிகொடுத்தவளுக்கு நம் பாட்டிகள் கட்டியது. பால் கொடுக்கவேண்டியவளுக்குக் கட்டுவதற்கு முன் பாட்டி எதற்காகக் கட்டினாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டி சொன்னதில் பாதியை மட்டும் காதில் வாங்குவதுதான் நம் பெரிய வியாதி.

"அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது?" என்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. அந்தக் காலத்தில் குழந்தை யாருடைய பக்கத்தில் கிடந்தது? அம்மா பக்கத்தில். அழுத போதெல்லாம், அழாத போதும், வாயில் மார்பு. பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை குடிக்கவேண்டும். இன்று? பேர் வைக்கிற விழாவுக்கு நாற்பது பேர் வந்து குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றி போட்டோ எடுக்கிறோம். "தூங்குது, எழுப்பாதே" என்கிறோம். அறைக்குள் சித்தப்பாவும் மாமாவும் உட்கார்ந்து அரசியல் பேசுகிறார்கள், அந்தப் பெண் வெட்கப்பட்டு ரவிக்கையைத் திறக்காமல் இருக்கிறாள். மூன்று மணி நேரம் கழித்துக் கல்லாகிவிடுகிறது. பால் கட்டியது அவளுக்கு, கட்ட வைத்தது நாம். உங்களைத்தான் சொல்கிறேன், என் மேல் கோபப்பட்டால் படுங்கள்.

பேறுகால விடுப்பு 90 நாளாக இருந்த காலத்தில் வேலை பார்த்தவள் நான். மூன்றாம் பீரியடில் சேலை நனையும். ஸ்டாஃப் ரூம் பாத்ரூமில் நின்றுகொண்டு பீய்ச்சி விட்டு, மடித்த துணி வைத்துக்கொண்டு நாலாம் பீரியடுக்கு ஓடிய டீச்சர்கள் எத்தனை பேர். அப்போதும் இதை யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

இன்னொரு கூத்து. பால் அதிகமாகப் பாய்கிற தாயின் குழந்தைக்குப் புரையேறும், இருமும், மார்பை உதறிவிட்டு அழும், வயிறு உப்பும், பச்சையாக நுரைநுரையாகப் போகும். உடனே தீர்ப்பு என்ன? "பால் பத்தல, பவுடர் வாங்கு." அல்லது "நீ தின்னது ஒத்துக்கல" என்று அவள் தட்டிலிருந்து நான்கு பண்டத்தை எடுத்துவிடுவது. பால் பவுடருக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்று 1992லேயே சட்டம் போட்டாகிவிட்டது. நம் வீட்டு விருந்தாளிகளுக்குத்தான் அந்தச் சட்டம் போடவில்லை. அந்தத் தாய் கொஞ்சம் சாய்ந்து படுத்து, குழந்தையைத் தன்மேல் போட்டுக்கொண்டு கொடுத்தால் பாய்ச்சல் குறையும். ஒரு வேளைக்கு ஒரு பக்கம் என்று மாற்றிக் கொடுக்கிற முறையும் உண்டு. அதைக் குழந்தையின் எடையைப் பார்க்கிற டாக்டரின் மேற்பார்வையில் செய்யவேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகும் மிஞ்சினால் சாக்கடையில் ஊற்றவேண்டாம். மும்பை சயான் ஆஸ்பத்திரியில் 1989இல் தாய்ப்பால் வங்கி தொடங்கினார்கள். இப்போது நம் ஊர் அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இருக்கிறது. எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குப் போகும். ஆனால் தானம் செய்வதற்கென்றே கூடுதலாக இறைக்கக் கிளம்பாதீர்கள்; கிணற்றுக் கதையை மேலே சொல்லியிருக்கிறேன்.

அடுத்த மாதம் நம் வீட்டிலேயே ஒரு பிரசவம் இருக்கிறது. சம்பந்தியம்மா இப்போதே பால்சுறாவுக்குச் சொல்லி வைத்திருப்பதாகக் கேள்வி. வரட்டும். பால் போதவில்லை என்று டாக்டர் சொன்னால் அவளுக்கு வைப்போம். இல்லையென்றால் எனக்குப் பிடித்த மீன்தான், புட்டு செய்து நான் சாப்பிட்டுக்கொள்கிறேன்.