சவுக்குக் குச்சியில் வேர் பிடிக்க பாக்டீரியா: நமக்குத் தேவையா?

மேலநீலிதநல்லூர் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உள்ள செவல் காட்டில் பருத்தியை விட்டுச் சவுக்கு வைக்க நினைக்கிறீர்களா? அப்படியானால் 'குளோன் கன்று' என்ற பேச்சு உங்கள் காதில் விழுந்திருக்கும். தேர்ந்தெடுத்த நல்ல மரத்தின் குச்சியை வெட்டி, வேர்விட வைத்த கன்று அது. விதைக்கன்று போல ஒன்று நெட்டையாகவும் ஒன்று குட்டையாகவும் போகாது. சிக்கல் வேரில்தான். ஒரு மரம் நல்ல மரம் என்று தெரிவதற்குள் அது முற்றிவிடும். முற்றிய மரத்துக் குச்சியில் லேசில் வேர் இறங்காது.

பைன் போன்ற ஊசியிலை மரங்களில் இது இன்னும் கடினம். அதனால்தான் வெளிநாட்டு விஞ்ஞானிகள் அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற மண் பாக்டீரியாவைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். செடியில் காயம் பட்ட இடத்தில் இது ஒட்டிக்கொண்டு, தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செருகிவிடும். அங்கிருந்து ரோமம் போல வேர்கள் கிளம்பும். 1991-ல் லார்ச் என்ற ஊசியிலை மரத்தில் இந்த வழியில் மரபணு மாறிய செடியையே வளர்த்தெடுத்தார்கள். சவுக்கு பார்வைக்குப் பைன் மாதிரி இருந்தாலும் அந்த இனம் இல்லை. ஆனாலும் அதன் ஆஸ்திரேலிய உறவு மரம் ஒன்றில் அதே ஆண்டு இந்தச் சோதனை நடந்தது.

பாக்டீரியா மரபணு என்றதும் மிரள வேண்டியதில்லை. 2002-ல் அனுமதி பெற்ற பிடி பருத்திக்குள் புழுவைக் கொல்லும் மரபணுவை ஏற்றியது இதன் பங்காளி பாக்டீரியாதான். நாம் அவித்துத் தின்னும் சர்க்கரைவள்ளிக் கிழங்கில்கூட இந்த இனத்தின் மரபணுத் துண்டு இயற்கையாகவே இருப்பதை 2015-ல் கண்டறிந்தார்கள்.

ஆனால் சவுக்குக்கு இது வேண்டுமா? வேண்டாம் என்பதே எங்கள் கணிப்பு. கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் சவுக்குக் குளோன்களை வெளியிட்டிருக்கிறது. தாய்ச்செடியை அடிக்கடி கவாத்து செய்து இளசாகவே வைத்திருப்பார்கள். அதில் வரும் இளந்தளிரை நறுக்கி, ஐ.பி.ஏ. என்ற வேர் ஊக்கித் தூளில் தொட்டு, ஈரப்பதம் காக்கும் பாலித்தீன் கூடாரத்தில் வைத்தால் சில வாரங்களில் வேர் வந்துவிடும். இதில் மரபணு எதுவும் மாறாது.

காற்றையும் யோசியுங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்று காற்றாலையைச் சுற்றுவது போலவே மரத்தையும் ஆட்டும். பாக்டீரியா கிளப்பும் ரோம வேர் பக்கவாட்டில் பின்னிப் படரும் குணம் கொண்டது. நமக்கு வேண்டியது ஆழ இறங்கிப் பிடிக்கும் வேர்.

சட்டமும் இருக்கிறது. மரபணு மாற்றிய பயிர்களில் இந்தியாவில் வணிகச் சாகுபடிக்கு வந்திருப்பது பருத்தி மட்டுமே. மரபணு மாற்றுக் கடுகு வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பு தந்தனர். 2025 மே மாதம் அறிவித்த இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களில் வெளி மரபணு இல்லை, அதனால் விதி தளர்ந்தது. பாக்டீரியாவின் மரபணு செடிக்குள் போனால் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

எனவே 'பாக்டீரியா கலந்த சவுக்குக் கன்று' என்று யாராவது விற்க வந்தால், எந்த பாக்டீரியா என்று கேளுங்கள். பிராங்கியா என்றால் தாராளமாக வாங்கலாம். அது மரபணுவைத் தொடாது. வேரில் முடிச்சுக் கட்டி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். பழைய சவுக்குத் தோப்பில் வேர் முடிச்சோடு எடுத்த மண்ணை நாற்றுப் பையில் கொஞ்சம் கலந்தாலே அது கிடைத்துவிடும். நோய் இல்லாத தோப்பாகப் பார்த்து எடுங்கள்.