எண்ணூருக்கு ஒரு பாட்டு, தென்பெண்ணைக்கு?



ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டுத் தம்பி கேட்கச் சொன்ன பாட்டு, 2017-இல் வந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்'. எழுதியவர் கபேர் வாசுகி. சினிமாவை நம்பாமல் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர். பாடியவர் டி.எம்.கிருஷ்ணா. கச்சேரி மேடையை விட்டு இறங்கி, எண்ணூரில் நின்று, சென்னைப் பேச்சுத் தமிழை ராகமாலிகையில் பாடுகிறார். சாம்பல் படிந்த கழிமுகம் பின்னால் தெரிகிறது. பஸ் மத்திகிரி வந்ததுகூடத் தெரியவில்லை.

அதற்கு முன்பே, 2015-இல், கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலைத் தொழிலாளர்களுக்காக சோபியா அஷ்ரப் ஒரு ராப் பாடல் பாடினார். ஆலை மூடப்பட்டது 2001-இல். பாதரச பாதிப்புக்கு நியாயம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதை அந்தப் பாட்டு உலகத்தின் காதில் போட்டது. மறு ஆண்டே 591 முன்னாள் தொழிலாளர்களுடன் ஆலையை நடத்திய நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. போராட்டம் அவர்களுடையதுதான், ஆனாலும் பாட்டின் பங்கு சின்னதல்ல.

இங்கோ, எங்கள் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை ஆறு நுரை தள்ளுவது செய்தியாக வருகிறது, மறுநாள் மறந்துபோகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தெருக்கூத்துக்கும் பம்பைக்கும் ஆளா இல்லை? அவர்களும் இப்படிச் சொந்தமாகப் பாட்டுக் கட்டும் இளைஞர்களும் சேர்ந்தால் ஆற்றுக்கு ஒரு பாட்டு பிறக்கும். இத்தகைய பாடகர்களைப் பற்றி மாதம் ஒரு பக்கமாவது எழுதுங்கள்.

– ஒரு வாசகர், மத்திகிரி