முதல் புகாரை யார் எழுதுவது?

"உனக்கு எந்த ஊருப்பா?" என்று யாராவது கேட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வோம். "உத்திரமேரூர்ங்க, குடவோலை முறை வந்த ஊர்!" வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921ஆம் வருடங்களைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி ஆட்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

நான் பி.காம் படிக்கிறவன். அதனால் அந்தக் கல்வெட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி வேறு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி நிற்கவே முடியாது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே ஆடிட்டிங்!

ஆனால் பெருமை பேசும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம். அது சொந்த நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கான சபை. பெண்களுக்கு இடமில்லை. வயலில் இறங்கி வேலை செய்தவர்களுக்கும் இடமில்லை. கணக்குக் கேட்டார்கள் சரி, யார் யாரிடம் கேட்டார்கள் என்பதும் முக்கியம் இல்லையா?

குடவோலையைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டேன். இன்னொரு ஊராட்சித் தேர்தலைப் பற்றிக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். மதுரை மாவட்டம் மேலவளவு. 1996ல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. முதலில் மிரட்டினார்கள், வேட்பு மனுக்கள் வாபஸ் ஆயின. மறுபடி தேர்தல் வைத்தபோது ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் முருகேசன் என்பவர் தலைவர் ஆனார். 1997 ஜூன் 30ஆம் தேதி அவரையும் கூட இருந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். 2001ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2019ல் அவர்களில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது.

இதில் என்னை உறுத்துவது கொலை நடந்த அந்த ஒரு நாள் மட்டும் இல்லை. அதற்கு முந்தைய மாதங்கள்தான். மிரட்டல் ஒரு குற்றம், ஓட்டுப் பெட்டியைத் தூக்கியது ஒரு குற்றம். ஒவ்வொன்றும் நடந்தபோதே உரிய வழக்கும் கைதும் நடந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். வெறுப்புக் குற்றம் ஒரே நாளில் வானத்திலிருந்து குதிப்பதில்லை. அதற்கு ஓப்பனிங் பேலன்ஸ் உண்டு. சின்னச் சின்ன என்ட்ரிகளை யாருமே எழுதாமல் விடுகிறோம், கடைசியில் மொத்தத் தொகையைப் பார்த்து "ஐயோ" என்கிறோம்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. ஏனென்றால் நானும் ஒரு என்ட்ரியை எழுதாமல் விட்டவன்தான்.

பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு நண்பன், அக்கவுன்டன்சி நோட்ஸ் வாங்க எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் ஊர்ப்பக்கம், அவன் காலனிப்பக்கம். (காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் அரசு அறிவித்தது. எங்கள் வாயிலிருந்து இன்னும் போகவில்லை.) அவன் மாமாவுடைய பைக்கில் வந்திருந்தான். தெருமுனையில் நாலைந்து பேர் நிறுத்தினார்கள், எல்லாம் எனக்குத் தெரிந்த அண்ணன்கள். சாவியைப் பிடுங்கி, கன்னத்தில் ஒன்று வைத்து, தெரு முடியும் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே போகச் சொன்னார்கள். நான் கேட் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து, "ஊர் விஷயம்டா, பேசி முடிச்சுடுவாங்க. நீ உள்ள போ" என்றார். உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் வகுப்பு ஆசிரியரிடம் அவன் மட்டும் போய்ச் சொன்னான். "பரீட்சை வருது, இதையெல்லாம் பெருசு பண்ணாதப்பா" என்றாராம். ஊரில் பேசியும் முடித்தார்கள். எப்படித் தெரியுமா? அடி வாங்கியவன்தான் "இனிமே சத்தமா வண்டி ஓட்ட மாட்டேன்" என்று மன்னிப்புக் கேட்டான். அதோடு எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. பிளஸ் டூ முடித்ததும் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்தச் சம்பவம் எந்த நோட்டிலும் இல்லை. போலீஸ் ஸ்டேஷனிலும் இல்லை, பள்ளியிலும் இல்லை. புள்ளிவிவரம் எடுத்தால் அந்த வருடம் எங்கள் ஊர் அமைதிப் பூங்கா.

நாங்குநேரி செய்தி வந்தபோது எனக்கு இவன் ஞாபகம்தான் வந்தது. திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு பிளஸ் டூ மாணவன், கூடப் படிக்கும் பையன்கள் தொல்லை கொடுக்கிறார்கள் என்று பள்ளியில் சொன்னான். 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு அவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள். உயிர் பிழைத்து, அடுத்த வருடமே பிளஸ் டூ பாஸ் செய்தான். அவனும் காமர்ஸ் குரூப்தான், என்னைப் போல.

அதற்குப் பிறகு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கலர் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் கூடாது, 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல விஷயங்கள்தான். ஆனால் கலர் கயிறு பற்றி 2019லேயே பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு வந்ததும் அப்போதைய அமைச்சரே பின்வாங்கிவிட்டார். நாலு வருடம் கழித்து நாங்குநேரி!

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1989ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். 60 நாளில் குற்றப்பத்திரிகை. முடிந்தவரை அதிலிருந்து இரண்டு மாதத்தில் தீர்ப்பு. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கும் தண்டனை உண்டு. மாவட்டக் கலெக்டர் தலைமையில் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். அதாவது காலாண்டுக் கணக்கு! சட்டம் எழுதியவர்கள் எல்லாவற்றையும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

நடைமுறையில் என்ன ஆகிறது என்பதற்கு கோகுல்ராஜ் வழக்கு ஒரு உதாரணம். 2015 ஜூனில் திருச்செங்கோட்டில் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்திக் கொல்லப்பட்ட என்ஜினீயரிங் பட்டதாரி. முக்கியக் குற்றவாளி யுவராஜ் ஒரு சாதி அமைப்பின் தலைவர். தலைமறைவாக இருந்தபோதே வாட்ஸ்அப்பில் ஆடியோ அனுப்பினார். அதைக் கேட்டுப் புல்லரித்துப் போன இளைஞர்கள் எத்தனை பேர்! தீவிரவாதம் என்றால் வெளிநாட்டிலிருந்து வருவது என்று நினைக்கிறோம். அது நம் கையில் இருக்கிற போனிலேயே, நம் சாதிப் பெருமையின் குரலில் வருகிறது.

அந்த வழக்கில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். மலைக்கோயில் சிசிடிவி பதிவு பெரிய ஆதாரமாக நின்றது. 2022 மார்ச்சில்தான் தண்டனை வந்தது, 2023ல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. கேமரா சொன்னதை மனிதர்கள் சொல்லவில்லை. கேமரா இல்லாத தெருக்களை நினைத்துப் பாருங்கள், எங்கள் தெரு மாதிரி.

அதனால்தான் "சட்டத்தால் எதுவும் மாறாது, மனசு மாறணும்" என்று சொல்பவர்களோடும், "தூக்குல போட்டா சரியாயிடும்" என்று சொல்பவர்களோடும் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. கோர்ட்டுக்குச் சாட்சி வேண்டும். சாட்சி ஊரிலிருந்துதான் வர வேண்டும். ஊர் வாயை மூடினால் சட்டத்துக்குக் கண் தெரியாது. அதே மாதிரி, சொன்னவனுக்குப் பாதுகாப்பு இல்லை என்றால் ஊர் வாயைத் திறக்காது. நாங்குநேரி பையன் சொல்லத்தானே செய்தான்?

லண்டனில் 1993ல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின மாணவனை பஸ் ஸ்டாப்பில் குத்திக் கொன்றார்கள். போலீஸ் விசாரணை சொதப்பியது. 1999ல் வந்த மெக்பெர்சன் அறிக்கை போலீஸ் துறைக்குள்ளேயே இனவெறி ஊறியிருக்கிறது என்று சொன்னது. அதில் ஒரு எளிய பரிந்துரை உண்டு. ஒரு சம்பவத்தை இனவெறிச் சம்பவம் என்று பாதிக்கப்பட்டவரோ வேறு யாராவதோ கருதினால், போலீஸ் அதை அப்படியே பதிவு செய்ய வேண்டும். உண்மையா பொய்யா என்பது விசாரணையில் தெரியட்டும், முதலில் எழுது! 2012ல்தான் இரண்டு பேருக்குத் தண்டனை கிடைத்தது. அங்கேயும் தாமதம்தான். ஆனாலும் "முதலில் எழுது" என்பது நமக்கும் வேண்டும்.

"பொய் வழக்கு போடுவாங்களே?" என்று எங்கள் வீட்டிலேயே கேட்பார்கள். 2018ல் உச்ச நீதிமன்றம் இதே கவலையில் இந்தச் சட்டத்துக்குச் சில கட்டுப்பாடுகள் வைத்தது. அதே வருடம் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து அவற்றை நீக்கியது. பொய்ப் புகார் எந்தச் சட்டத்திலும் வரலாம். செக் மோசடி வழக்கிலும் வருகிறது, அதற்காக யாரும் செக் சட்டத்தை எடுக்கச் சொல்வதில்லை. பொய்யா என்று பார்க்கவும் முதலில் பதிவு வேண்டும்.

என் யோசனை சின்னதுதான். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பதிவேடு வைக்கட்டும். சாதிச் சண்டை, கிண்டல், அடி எதுவானாலும் தேதி போட்டு எழுதி, என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்பதையும் எழுதட்டும். கலெக்டர் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடியதா, எத்தனை புகார் வந்தது, எத்தனை நிலுவை என்ற எண்ணிக்கையைக் கிராம சபையில் வாசிக்கட்டும். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். ஊராட்சியின் வரவு செலவை வாசிக்கிறோமே, இதையும் வாசிக்கலாமே. கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது என்று கல்லில் வெட்டிய ஊர் எங்களுடையது. அந்தப் பெருமைக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை.

மீதி நம் கையில். போன தீபாவளிக்கு அந்த நண்பனை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். டீ குடித்தோம். "அன்னைக்கு நீ கேட்டாண்ட நின்னுட்டிருந்தேல்ல?" என்றான், சிரித்துக்கொண்டே. நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆமாம்டா என்றேன். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை.

அடுத்த முறை எங்கள் தெருவில் யாரையாவது நிறுத்தினால் நான் உள்ளே போக மாட்டேன். தேதியும் நேரமும் எழுதி, என் பெயரையும் சாட்சியாகப் போட்டுக் கொடுப்பேன். அப்பா கோபப்படுவார். படட்டும்.